கீழே ஓடிய வரி

வேதசிரோமணிக்கு நாற்பத்து நாலு வயது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம். தமிழ்நாட்டில் யார் மண்டை உடைந்தாலும் அதில் சுற்றுகிற துணி தன் கிடங்கு வழியாகத்தான் போகிறது என்பார். அதில் கால்வாசி உண்மை. பேரத்தில் அவரை மடக்கியவர்கள் இதுவரை இரண்டே பேர். ஒருவர் ஈரோட்டு நூல் வியாபாரி, இன்னொருவர் அவர் மனைவி செலினா. அப்பேர்ப்பட்ட ஆள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பதினாறு வயதைத் தாண்டவே இல்லை. அந்த விஷயத்துக்குப் பெயர் ‘வானத் தபால்’.

இப்போது சொன்னால் யாருக்கும் தெரியாது. தொண்ணூற்றேழில் வியாழக்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்கு வந்த விஞ்ஞானத் தொடர் அது. கிரகம் விட்டுக் கிரகம் கடிதம் கொண்டுபோகும் ஒரு விண்கப்பல். கேப்டன் பெயர் ஆதிரை. கூடமாட ஒத்தாசைக்கு உருளை என்றொரு ரோபோ. எத்தனை வருஷமானாலும் சரி, கடிதத்தைச் சேர்ப்பிக்காமல் கப்பல் திரும்பாது. இருபத்தாறு வாரம் ஓடி, முடிந்து, மறந்தும் போயிற்று. எடுத்தவர்களிடமே மூலப் பிரதி இல்லை. ஏதோ ஒரு மழையில் ஊறி நாசமாயிற்று என்று கேள்வி. அத்தனை பாகத்தையும் கேபிளிலிருந்து கேசட்டில் பிடித்து வைத்த ஜீவன் உலகத்தில் ஒன்றுதான். அந்த ஜீவன் போன மாதம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் பெருமைக்கு வாயைத் திறந்துவிட்டது.

குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், சிங்கப்பூரிலிருந்து சிவகாசி வரை. அத்தனை பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “அண்ணா, பத்தொன்பதாம் பாகம் இருக்கா?” ஒரே ஒரு கடிதத்துக்காக ஆதிரை மொத்தக் கப்பலையும் திருப்புகிற பாகம் அது. வேறு யாரிடமும் இல்லை. வேதசிரோமணிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கேசட்டுகளை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். ரத வீதிப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டெபினிடம்தான் ஓடுகிற நிலையில் ஒரு வி.சி.ஆர். இருந்தது. ஸ்டெபின் ஒரு கேசட்டைத் திறந்து, வெளிச்சத்தில் பிடித்து, உதட்டைப் பிதுக்கினான்.

“அண்ணே, உள்ள பூஞ்ச புடிச்சிருக்கு. தொடச்சுத் தொடச்சுத்தான் ஓட்டணும். எட்டு நாளாகும்.”

“நாலு நாளு.”

“எட்டுண்ணே.”

“உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், ஆறு.”

“எங்கிட்டப் பேசுறது சரி. பூஞ்சகிட்ட யாரு பேசுறது?”

எட்டாம் நாள் சனிக்கிழமை. பென்டிரைவைக் கையில் கொடுத்துவிட்டு ஸ்டெபின் சொன்னான்: “படம் அம்புட்டுத் தெளிவா வந்துருக்குண்ணே. கீழதான் ஒரு வரி ஓடிக்கிட்டே இருக்கு. வெட்டிரட்டா?”

“என்னலே வரி?”

“உங்க ஊரு கேபிள் விளம்பரம்தான். எல்லாப் பாகத்துலயும் ஓடுது. நீங்க பாத்ததில்லையா?”

பத்து வாரத்துக்கு மேல் பார்த்ததில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அந்தக் காலத்தில் அவர்கள் தெருவுக்குக் கேபிள் இழுத்திருந்தவர் சுப்புராஜ். எந்தச் சேனல் ஓடினாலும் சரி, படத்துக்கு அடியில் உள்ளூர்ச் செய்தியை எழுத்தாக ஓட விடுவார். செவ்வாய்க் கிரகத்தில் ஆதிரை கண்ணீர் விடுவாள்; அவள் தாடைக்குக் கீழே ‘தரமான கோழித் தீவனம் கிடைக்கும்’ என்று போகும். பையன் வேதசிரோமணி பத்து வாரம் பொறுத்தான். பதினோராவது வாரம் அப்பாவின் கிடங்கிலிருந்து இரண்டங்குலப் பேண்டேஜ் சுருள் ஒன்றை எடுத்து வந்து, டி.வி.யின் அடிப்பாகத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்து, பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டான். “ஏலே, டி.வி.க்கு எங்கிட்டு அடி பட்டிருச்சு?” என்றார் அப்பா. சிரித்தார்கள், பழகிவிட்டார்கள். தொடர் முடிகிறவரை அந்தக் கட்டு அவிழவில்லை. டி.வி.க்குத்தான் கட்டு, வி.சி.ஆருக்கு இல்லை. அது பாட்டுக்கு எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது.

“வெட்ட வேண்டாம். மொதல்ல பாத்துட்டுச் சொல்லுதேன்,” என்றார் ஸ்டெபினிடம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கறிக்குழம்பும் முடிந்து, செலினா கண்ணயர்ந்த பிறகு முதல் பாகத்தைப் போட்டார். கப்பலின் கதவு, கதவே இல்லை, துணிக்கடைக் கண்ணாடி பீரோ. கட்டுப்பாட்டு அறையில் வரிசையாக இருந்தவை ஃபேன் ரெகுலேட்டர்கள். நட்சத்திரங்கள், கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு அந்தப் பக்கம் பல்பு எரியவிட்டவை. யாரோ நடக்கும்போது மொத்த வானமும் ஆடிற்று. யூரோப்பாவின் பனிவெளி என்று காட்டிய கல்குவாரியில், தூரத்தில் ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. உருளையின் காலில் கேன்வாஸ் ஷூ. கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே இருந்த மனிதர் இருமினார்.

பதினாறு வயதில் இதில் ஒன்றைக்கூடக் கண்டதில்லை. கண் திறந்துதான் இருந்தது. வேண்டாததைத் தள்ளிவிட்டு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். துணி வாங்கும்போது அப்படிப் பார்க்கிறவன் ஒரே வருஷத்தில் கடையை மூடவேண்டியதுதான். ஆனாலும் ஆதிரை வாயைத் திறந்தவுடன் பழைய மயக்கம் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. அவளுடைய வசனம் ஒவ்வொன்றும் இவர் வாயில் அவளுக்கு முன்னால் வந்தது.

கீழே வரியும் ஓடியது. முதலில் அது எரிச்சலாக இருந்தது, பிறகு வேடிக்கையாக, பத்தாம் பாகம் தாண்டியபோது தொடரைவிட ருசியாக. ‘நாளை காலை 9 முதல் மின்தடை.’ ‘காந்தி கலை மன்ற ரோட்டில் வெள்ளை நிற நாய்க்குட்டி காணவில்லை, கண்டுபிடித்துத் தருவோர்க்குத் தக்க சன்மானம்.’ ‘மணமக்கள் வாழ்க.’ செத்துப்போன டாக்டர்களின் பெயர்கள், மூடிப்போன கடைகளின் பெயர்கள், இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்ட மணமக்கள் எல்லாம் வலமிருந்து இடமாக வரிசையாகப் போனார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது பத்தொன்பதாம் பாகத்தைப் போட்டார். கப்பலில் நாலு பேருக்கு மூச்சுவிட இரண்டு நாள் காற்றுதான் மிச்சம். “கப்பலைத் திருப்பு,” என்றாள் ஆதிரை. “ஒரே ஒரு கடிதம்தான் கேப்டன்,” என்றது உருளை. அவள் அதை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் கீழே வரி ஓடியது:

‘காணவில்லை. பெயர் பால்ச்சாமி. வயது 26. சேத்தூர். நீலக் கட்டம் போட்ட சட்டை, காவி வேட்டி. வலது காலைச் சாய்த்து நடப்பார். ஆகஸ்ட் 14 வியாழன் மாலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றதாகத் தகவல். விவரம் தெரிந்தவர்கள் சேத்தூர் போஸ்ட் ஆபீஸ் எதிர்த்தெருவில் மனைவி அழகுத்தாயிடம் தெரிவிக்கவும்.’

வேதசிரோமணி கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பாகம் முடிவதற்குள் அந்த வரி மூன்று தடவை வந்தது. மூன்றாம் தடவை அவர் ஆதிரையைப் பார்க்கவே இல்லை.

ஆகஸ்ட் 14. சுதந்திரப் பொன்விழாவுக்கு முந்தின நாள். ராஜபாளையத்துக் கடைகளில் வெற்றுக் கேசட் தீர்ந்துபோய், அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய் வாங்கினார். ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்க, தென்காசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் காகிதக் கொடி. ஓர் ஆள் காலைச் சாய்த்துச் சாய்த்து ஓடி வந்து, ஒவ்வொரு ஜன்னலாக, “சேத்தூரா? சேத்தூர் போறீகளா?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். யாரும் திரும்பவில்லை. இந்த ஜன்னலுக்கு வந்தான்.

“தம்பி, சேத்தூரா?”

இவர் இறங்குவது ராஜபாளையம். சேத்தூர் அதற்கும் அப்பால். ஆனால் தலை ஆடிவிட்டது. டிரைவர் ஏறிவிட்டார், ஏழு மணிக்குத் தொடர், எதற்குப் பேச்சு என்று ஆடிய தலை.

“போஸ்ட் ஆபீஸுக்கு எதுத்த தெரு தம்பி. பால்ச்சாமி வீடுன்னா காட்டுவாக. கேரளாவுல கட்டப்பன ஏலக்காத் தோட்டத்துக்கு வேலைக்குப் போறேன், மேஸ்திரி இப்பமே கிளம்பணுங்கான், வீட்டுக்கு வந்து சொல்ல நேரமில்ல. பொங்கலுக்கு வந்துருவேன்னு வீட்டுல சொல்லிரு. கோவமெல்லாம் இல்லைன்னு சொல்லு, என்ன?”

“பாத்துக்கலாம்ணே.”

அவர்கள் கிடங்கில் ‘பாத்துக்கலாம்’ என்றால் முடியாது என்று அர்த்தம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னால் வியாபாரம் முறியும், அதனால் பாத்துக்கலாம். சரக்கு கேட்டவனுக்கும் அது தெரியும், சொன்னவனுக்கும் தெரியும், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பிரிவார்கள். தோட்ட வேலைக்குப் போகிறவனுக்கு அது தெரியாது. அவன் நம்பினான். ஜன்னல் கம்பியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பி ஓடினான். பஸ் ராஜபாளையம் போய்ச் சேர்ந்தபோது ஆறரை. பதினேழாம் பாகம் முழுசாகப் பதிவானது.

வரியைப் பார்த்த திங்கட்கிழமையிலிருந்து வேதசிரோமணிக்கு அது நிற்கவில்லை. கண்ணாடியில் சவரம் செய்தால் தாடைக்குக் கீழே ஓடியது. கிடங்கில் துணி மடிக்கிற பெண்களின் காலடியில் ஓடியது. கோயிலில் இப்போதெல்லாம் பாட்டைத் திரையில் போடுகிறார்களே, அந்த ஞானப்பாட்டுக்கு அடியிலும் வலமிருந்து இடமாகப் போயிற்று. சபையார் மூன்றாம் சரணத்தில் இருக்க இவர் ‘காவி வேட்டி’யில் நின்றார். ஒரு வாடிக்கையாளர் போனில் சரக்கை முன்கூட்டி அனுப்பச் சொன்னபோது, பாத்துக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தவர், “முடியாதுங்க,” என்றார். “யாருங்க பேசுறது?” என்றார் அந்தப் பக்கம் இருந்தவர்.

அதைவிட மோசம், அந்த ஆளின் முகம் வரவில்லை. எவ்வளவு இழுத்தாலும் சட்டை வந்தது, கால் வந்தது, முகத்துக்குப் பதில் உருளையின் தகரத் தலை வந்தது. அவன் சொன்னவை ஆதிரையின் குரலில் கேட்டன. அந்த ‘கோவமெல்லாம் இல்லை’, அவன் சொன்னதா, இவர் சேர்த்துக்கொண்டதா? ஒரு சமயம் நிச்சயமாகச் சொன்னான் என்று தோன்றும். அடுத்த சமயம் அது நாலாம் பாகத்து வசனமோ என்று சந்தேகம் வரும்.

செலினாவிடம் சொன்னார். அவள் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே முழுசும் கேட்டாள்.

“இருவத்தெட்டு வருசம் ஆயிருச்சு. அந்தாளு பொங்கலுக்கே திரும்பி வந்துருப்பாரு. இப்பப் பேரன கொஞ்சிக்கிட்டு இருப்பாரு. கீழ வெட்டிட்டு ஏத்திவிட்டுட்டு வேலையப் பாருங்க.”

“வந்திருந்தா சரி.”

“வரலைன்னா நீங்க போயி என்ன ஆகப்போகுது? போலீஸு கேஸுன்னு இழுத்து விட்ரும்.”

நியாயமான விலைதான். வேதசிரோமணி ஏற்கெனவே தனக்குத்தானே அதைவிட மலிவான விலையெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தார். பெயர் போடாமல் ஒரு கார்டு எழுதலாம். குழுவில் வரியோடு ஏற்றிவிட்டால் யாராவது பார்த்து யாருக்காவது சொல்லுவார்கள். சேத்தூரில் துணி வாங்குகிற ஆளிடம் பேச்சுவாக்கில் கேட்டு வைக்கலாம். ஒன்றும் படியவில்லை. செலினா இரண்டாவது தம்ளரை ஆற்றிக்கொண்டே, அவர் பக்கம் பாராமல் கேட்டாள்:

“அவ பேரு என்ன போட்டிருந்துச்சு?”

“அழகுத்தாய்.”

“எனக்கு யாராவது இப்பிடிச் சொல்லாம விட்டிருந்தா...” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. தம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு சேத்தூரில் காரை நிறுத்தினார். எதிர்த்தெரு முனையில் ஒரு பெட்டிக்கடை. குழாயடியில் ஏழெட்டுக் குடங்களும் அவற்றின் சொந்தக்காரிகளும். கடைக்காரரிடம் பால்ச்சாமி வீடு எது என்றார்.

“எந்தப் பால்ச்சாமி? பிளவக்கல் அணையில விழுந்தாரே, அவரா?”

“விழுந்தாரா?”

“எங்க விழுந்தாரு, விழ வச்சாக. பொண்டாட்டி வாயி அப்பிடி. நாலாவது வீடு, தையல் மிஷின் சத்தம் கேக்கும் பாருங்க.”

கேட்டது. ஐம்பது வயதுக்காரி வாசலை ஒட்டிய அறையில் நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. “ஆர்டரா சார்? கழுத்துக்குப் பூ வச்சதுன்னா நாளாகும்,” என்றாள் தலையைத் தூக்காமல்.

“ஆர்டர் இல்லக்கா. ஒரு தாக்கல் சொல்லணும். பிந்திப் போச்சு.”

நின்றபடியே சொன்னார். பஸ், ஜன்னல், சாய்த்து நடந்த கால். மிஷின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ‘கட்டப்பன’ என்ற இடத்தில் நின்றது.

“என் பேரச் சொன்னாரா?”

சொன்னார் என்று சொல்லிவிடலாம். செலவில்லாத கொசுறு. கொசுறு போட்டுத்தான் அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வாடிக்கை பிடித்தது.

“சொல்லலக்கா. ‘வீட்டுல சொல்லிரு’ன்னுதான் சொன்னாரு.”

அவள் முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். “கட்டுன நாள்லருந்து அவரு வாயில எம் பேரு வந்ததில்ல. சொன்னாருன்னு சொல்லியிருந்தீகன்னா கத்திரியத் தூக்கி வீசியிருப்பேன். பொறவு?”

“பொங்கலுக்கு வந்துருவேன்னாரு. கோவம் இல்லைன்னு சொல்லச் சொன்னாரு. அப்பிடித்தான் எனக்கு ஞாபகம். ஆனா அந்த ஒண்ணுக்கு மட்டும் சத்தியம் பண்ண மாட்டேன்.”

“எந்தப் பொங்கல்னு சொல்லலையா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தைத்த துணியை மடித்தாள். “போய்த் தொலைன்னு நாந்தான் சொன்னேன், அன்னைக்குக் காலையில. தெருவே கேட்டுச்சு. பத்து நாளு கழிச்சு அணைக்கட்டுல ஒரு செருப்புக் கெடந்துச்சுன்னாக. ஊருல பாதிப் பேரு போடுற செருப்பு. எங்க மாமியா அதக் கொண்டாந்து வாசல்ல வச்சுக்கிட்டு, எம் மவனக் கொன்னவளேன்னு ஒப்பாரி பாடுனா. அவ செத்து ஆறு வருசமாச்சு. பாட்ட இப்பத் தெரு பாடுது.”

“போலீஸு...”

“பாத்தாக. தண்ணியத்தான் பாத்தாக. நானும் தண்ணியத்தான் பாத்தேன். மாசம் ஒருக்கா பஸ் ஏறிப் போயி அந்தக் கரையில உக்காந்து தண்ணியப் பாத்துக்கிட்டே இருந்தேன். கட்டப்பனன்னு ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா மலையேறிப் போயிருப்பேன்லா?”

வெளியே குடம் மாற்றுகிற சத்தம் கேட்டது.

“ராஜபாளையத்துலருந்து இங்க எம்புட்டு தூரம்?” என்றாள். “அன்னைக்கு வரல, சரி. மறுநா வந்திருக்கலாம். ஏன் வரல?”

“டி.வி.ல ஒரு நாடகம் போட்டான்க்கா. அதப் பாக்க ஓடிட்டேன். பொறவு மறந்துட்டேன்.”

“என்ன நாடகம்?”

அவர் தரையைப் பார்த்தார். “தபால் கொண்டுபோற நாடகம்.”

அழகுத்தாய் எழுந்தாள். சேலையை உதறிச் செருகினாள். “வெளிய வா,” என்றாள். அதுவரை இருந்த ‘சார்’ போன இடம் தெரியவில்லை.

“எதுக்குக்கா?”

“எங்கிட்டச் சொன்னதத் தெருவுல நின்னு சொல்லு.”

வேதசிரோமணிக்கு நாக்கு தானாகப் புரண்டது, பிறவிக் குணம். “கட்டப்பனைக்கு நானே ஆளு கூட்டிட்டுப் போறேன்க்கா. தோட்டம் தோட்டமா விசாரிப்போம்.”

“அது நீ செய்யத்தான் வேணும். இப்ப வெளிய வா.”

“எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

“இங்க யாரு படிக்கப்போறா?”

“பெரிய ஆளுக ரெண்டு பேரக் கூப்பிடுங்க, அவிய கிட்ட வெவரமாச் சொல்லிருதேன்.”

“நான் சொன்னத அன்னைக்குக் கேட்டது ரெண்டு பேரு இல்ல.”

பேரத்தில் இறங்கி வர அவளிடம் படியே இல்லை. வாசலில் இறங்கியது அவர்தான்.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. குழாயடியில் கூட்டம் அதிகமாகியிருந்தது. பெட்டிக்கடைக்காரர் காரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அழகுத்தாய் நடுத்தெருவில் ஓர் இடத்தைக் காட்டினாள். அவர் போய் நின்றார். ஆரம்பித்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட், தென்காசி வண்டி, பால்ச்சாமி...

பெயரைக் கேட்டவுடன் ஒருத்தி குழாயை அடைத்தாள். “அவராவே வேலைக்குத்தான் போனாரு,” என்று வேதசிரோமணி முடித்தார். “கட்டப்பனைக்கு. எங்கிட்டச் சொல்லிவிட்டாரு. நான் வந்து சொல்லல.”

கடைக்காரர், “ஏன் சொல்லலையாம்?” என்றார்.

வேதசிரோமணி அழகுத்தாயைப் பார்த்தார். அந்த ஒன்றையாவது அவள் தள்ளிக் கொடுப்பாளா என்ற பார்வை. அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

“கேக்குறாகள்ல,” என்றாள். “சொல்லு. நாடகத்துக்குப் பேரு இருக்கும்லா, அதையும் சேத்துச் சத்தமாச் சொல்லு.”

அவர் வாயைத் திறந்தார்.